பாப்லர் 1919: ஒரு பரோ தேர்தலின் முடிவும் விளைவும்

உள்ளாட்சித் தேர்தல்களின் முடிவுகள் பெரும்பாலும் எண்களாகவே வரலாற்றில் எஞ்சுகின்றன. எந்தக் கட்சிக்கு எத்தனை இடம், எந்த வட்டத்தில் யார் வென்றார், யார் வைப்புத்தொகையையும் இழந்தார் என்ற விவரங்கள் ஓரிரு நாள் பேசப்பட்டு, பின்னர் ஆவணக் காப்பகத்தின் அட்டவணைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. கிழக்கு லண்டனின் பாப்லர் பகுதியில் 1919 நவம்பர் 1 அன்று நடந்த பரோ தேர்தல் இந்த வழக்கத்துக்கு விலக்கானது. அன்று வாக்குச் சீட்டில் பதிந்த முடிவு, நகர மன்றத்தில் தொடங்கி உயர் நீதிமன்றம், இரண்டு சிறைச்சாலைகள், நாடாளுமன்றம், பிரபுக்கள் அவை என்று பல படிகளைக் கடந்து, 1925 வரை விவாதத்துக்கு உரியதாகவே நீடித்தது. மக்களின் வாக்கால் மன்றத்தில் இடம் பிடிப்பவர்கள் அந்த வாக்கின் நோக்கத்தை நிறைவேற்றுவதற்கு வேண்டிய பணத்தை யாரிடமிருந்து பெறுவது என்ற கேள்வியை, வேறெந்த உள்ளாட்சித் தேர்தலும் இவ்வளவு கூர்மையாக எழுப்பியதில்லை எனலாம்.

பரோ என்பது இங்கிலாந்தில் தனக்கென ஒரு மன்றத்தைக் கொண்ட நகர ஆட்சிப் பிரிவைக் குறிக்கும். லண்டன் மாநகருக்குப் பொதுவான லண்டன் கவுன்டி மன்றம் 1889-இல் அமைந்தது. அதற்குக் கீழே அதுவரை இயங்கிய சிறுசிறு வட்டார வாரியங்களையும் தேவாலய வட்ட அவைகளையும் கலைத்து, 28 பெருநகரப் பரோக்களை உருவாக்கியது 1899-ஆம் ஆண்டின் லண்டன் ஆட்சிச் சட்டம். அவற்றுக்கான முதல் தேர்தல் 1900 நவம்பர் 1 அன்று நடைபெற்றது. மூன்றாண்டுக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடத்துவது என்பது விதி. இவ்வாறு தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள், தங்கள் எண்ணிக்கையில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு ஆல்டர்மன் எனப்படும் மூத்த உறுப்பினர்களைத் தாங்களே தெரிவு செய்துகொள்வர். அவர்களின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். மேயரையும் மன்றமே ஆண்டுதோறும் தெரிவு செய்யும். அவர் மன்ற உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெண்கள் இம்மன்றங்களில் அமர்வதை 1899-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை. அந்தத் தடை 1907-இல்தான் நீங்கியது.

பாப்லர் பரோ மூன்று பழைய ஊர்களின் சேர்க்கை. போ, பிரோம்லி, பாப்லர் ஆகியவை ஒன்றாகி, தேம்ஸ் ஆறு பெருவளைவாகத் திரும்பும் ஐல் ஆஃப் டாக்ஸ் என்னும் நிலநாக்கையும் தன்னுள் கொண்டது அந்தப் பரோ. 1802-இல் திறக்கப்பட்ட மேற்கிந்தியக் கப்பல்துறையும், அதைத் தொடர்ந்து வந்த கிழக்கிந்தியக் கப்பல்துறையும், பின்னர் வெட்டப்பட்ட மில்வால் கப்பல்துறையும் இதன் எல்லைக்குள் இருந்தன. 1888-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தால் பெயர்பெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலை போ பகுதியில் இயங்கியது. ஏறத்தாழ 1,60,000 பேர் வாழ்ந்த இந்தப் பரோவில் கப்பல்துறைக் கூலிகளே பெருந்தொகையினர். அவர்களுக்கு நிலையான வேலை கிடையாது. நாள்தோறும் விடியற்காலையில் துறைமுக வாயிலில் கூடி நிற்பார்கள். மேஸ்திரி கைகாட்டும் சிலர் உள்ளே போவார்கள், எஞ்சியோர் கூலியின்றி வீடு திரும்புவார்கள். கப்பல் வரத்துக் குறையும் மாதங்களில் வறுமை தெருத்தெருவாகப் பரவும் நிலை இதனால் இயல்பாகவே அமைந்தது.

இத்தகைய ஊரில் தொழிலாளர் அரசியல் 1919-இல் திடீரென முளைத்துவிடவில்லை. தொழிலாளர் தலைவர் வில் குரூக்ஸ் 1901-இலேயே பாப்லர் மேயராகி, லண்டனின் முதல் தொழிலாளர் மேயர் என்று பெயர்பெற்றார். அவரும் ஜார்ஜ் லான்ஸ்பரியும் 1890-களிலிருந்தே ஏழையர் காப்பாளர் வாரியத்தில் பணியாற்றினர். வறியோருக்கு உதவி வழங்குவதற்கென உள்ளூர் அளவில் தனியே தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பே அந்த வாரியம். உதவி நாடுவோரை உழைப்பு விடுதி எனப்படும் கண்டிப்பான இல்லத்தில் அடைப்பது ஒரு முறை. வீட்டிலிருந்தபடியே பணமோ பொருளோ பெற அனுமதிப்பது மற்றொன்று. பின்னதை லான்ஸ்பரியும் அவர் தோழர்களும் விரும்பினர். அரசு அதிகாரிகள் அதை ஊதாரித்தனம் என்று கருதினர். பாப்லரில் பின்னர் வெடித்த மோதலின் வித்து இந்தக் கருத்து வேறுபாட்டில்தான் இருந்தது.

முதல் உலகப் போர் காரணமாக 1915-இல் நடக்க வேண்டிய பரோ தேர்தல் நடைபெறவில்லை. 1912-க்குப் பின் ஏழாண்டுகள் கழித்தே லண்டன் மக்கள் மீண்டும் தங்கள் மன்றங்களுக்கு வாக்களித்தனர். இடைப்பட்ட காலத்தில் பாப்லர் போரின் சுவடுகளைச் சுமந்தது. 1917 ஜூன் 13 அன்று நடந்த வான்தாக்குதலில் அப்பர் நார்த் ஸ்ட்ரீட் பள்ளியில் மட்டும் 18 குழந்தைகள் மாண்டனர். போரிலிருந்து திரும்பியவர்கள் வேலையும் வீடும் எதிர்பார்த்தனர். வாக்குரிமையும் மாறியிருந்தது. 1918-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் உள்ளாட்சி வாக்காளர் பட்டியலை விரிவாக்கி, வீட்டுக்காரரின் மனைவி என்ற நிலையில் 30 வயது நிறைந்த பெண்களையும் அதில் சேர்த்தது. ஏழையர் உதவி பெற்றவர்கள் வாக்களிக்கக் கூடாது என்ற பழைய தடையையும் அச்சட்டமே நீக்கியது. ஆகவே 1919-இல் வாக்குச்சாவடிக்கு வந்த பாப்லர், 1912-இல் வாக்களித்த பாப்லரிலிருந்து பெரிதும் வேறுபட்டிருந்தது.

தேர்தல் முடிவு எதிர்பார்ப்பையெல்லாம் விஞ்சியது. பாப்லரின் 42 இடங்களில் 39 இடங்களைத் தொழிற்கட்சி வென்றது. லண்டன் முழுவதிலும் 1912-இல் ஐம்பதுக்கும் குறைவாக இருந்த அக்கட்சியின் பரோ உறுப்பினர் எண்ணிக்கை, இந்த ஒரே தேர்தலில் ஏறத்தாழ 570-ஆக உயர்ந்தது. அண்டைப் பரோவான ஸ்டெப்னியில் 60 இடங்களில் 43 தொழிற்கட்சிக்குக் கிடைத்தன. அங்கு மன்ற உறுப்பினராக இல்லாத கிளெமென்ட் அட்லி என்ற முன்னாள் படைத்துறை அதிகாரி மேயர் பதவிக்கு அழைக்கப்பட்டார். கால் நூற்றாண்டுக்குப் பின் பிரிட்டனின் பிரதமராகி, இந்திய விடுதலைச் சட்டத்தை நிறைவேற்றிய அட்லி இவரே. பாப்லரில் லான்ஸ்பரி மேயரானார். புதிய உறுப்பினர்களில் கப்பல்துறைத் தொழிலாளர், ரயில்வே ஊழியர், வண்டியோட்டிகளின் சங்கத் தலைவர், அஞ்சல் ஊழியர், கூலித் தொழிலாளரின் மனைவியர் எனப் பலர் இருந்தனர். தாங்கள் யாரை ஆளப்போகிறார்களோ அவர்களோடு ஒரே தெருவில் குடியிருந்தவர்கள் இவர்கள் என்பது, பின்னாளில் இவர்கள் காட்டிய பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள உதவும்.

புதிய மன்றம் தேர்தல் வாக்குறுதிகளை ஏட்டளவில் நிறுத்திவிடவில்லை. வீடுகள் கட்டும் பணி முடுக்கப்பட்டது. ஐல் ஆஃப் டாக்ஸில் சேப்பல் ஹவுஸ் தெருவை ஒட்டிய குடியிருப்பு அக்காலத்தில் எழுந்ததே. தாய்சேய் நலப் பணியும், குழந்தைகளுக்குப் பால் வழங்கும் ஏற்பாடும், காசநோய்ச் சிகிச்சையும், நூலகங்களும், பொதுக் குளியலகங்களும் விரிவடைந்தன. எல்லாவற்றிலும் பெரிதாகப் பேசப்பட்டது ஊதியம் பற்றிய முடிவு. மன்றத்தின் ஊழியர் எவருக்கும் வாரம் 4 பவுனுக்குக் குறைவான கூலி இல்லை என்று 1920-இல் முடிவாயிற்று. அந்தத் தொகை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே என்றும் அறிவிக்கப்பட்டது. ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பது எழுதப்படாத சட்டமாக நிலவிய நாளில், ஓர் ஏழைப் பரோ எடுத்த இந்த முடிவு தொழில் உலகில் அதிர்ச்சியை உண்டாக்கியது.

இவற்றுக்கெல்லாம் பணம் தர வேண்டிய ஒரே ஊற்று, ரேட் எனப்பட்ட சொத்து வரி. ஒரு கட்டடத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு வாடகை கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அந்த மதிப்பின் ஒவ்வொரு பவுனுக்கும் இத்தனை ஷில்லிங், இத்தனை பென்னி என்று மன்றம் விதிப்பது அவ்வரி. அன்றைய கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். வாடகை மதிப்பு உயர்ந்த இடத்தில் சிறு விகிதமே பெருந்தொகையை ஈட்டித் தரும். தாழ்ந்த இடத்தில் எவ்வளவு விகிதம் விதித்தாலும் வரவு சிறுத்தே இருக்கும். பவுனுக்கு ஒரு பென்னி என விதித்தால் வெஸ்ட்மின்ஸ்டர் பரோவுக்கு 31,000 பவுனுக்கு மேல் வரவு வரும். அதே விகிதத்தில் பாப்லருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 3,600 பவுன். அரண்மனைகளும் அரசு அலுவலகங்களும் பெருங்கடைகளும் நிறைந்த மேற்கு லண்டனில் வறியோர் குறைவு, வரவு மிகுதி. குடிசைகளும் கிடங்குகளும் நிறைந்த கிழக்கில் வறியோர் மிகுதி, வரவு குறைவு. கிழக்கில் சுமை இறக்கிய தொழிலாளர்களின் உழைப்பால் மேற்கில் சொத்து பெருகியது; ஆனால் அவர்கள் வேலை இழந்த நாளில் அவர்களைக் காக்கும் செலவு கிழக்கின் மீதே விழுந்தது.

இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க 1867-லிருந்தே பெருநகர ஏழையர் பொது நிதி என ஒன்று இருந்துவந்தது. எனினும் அதன் அமைப்பில் ஒரு முரண் இருந்தது. உழைப்பு விடுதிக்குள் வைத்துப் பராமரிக்கப்படும் ஏழைகளின் செலவில் ஒரு பகுதியை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளும். வீட்டிலிருந்தபடி உதவி பெறுவோரின் செலவை அந்தந்த வட்டாரமே தாங்க வேண்டும். 1920-இன் பிற்பகுதியில் பொருளாதார மந்தம் தொடங்கி வேலையில்லாதோர் தொகை பெருகியபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்களை விடுதிகளில் அடைக்க இடமும் இல்லை, பாப்லரின் காப்பாளர்களுக்கு அந்த நோக்கமும் இல்லை. அதனால் உதவிச் செலவு முழுவதும் பாப்லரின் வரி செலுத்துவோர் தலையில் இறங்கியது. அவர்களில் பெரும்பாலோர் தாமே வறுமையின் விளிம்பில் இருந்தவர்கள்.

இதோடு இன்னொரு சுமையும் சேர்ந்தது. ஒவ்வொரு பரோவும் தன் செலவுக்காக மட்டும் வரி தண்டவில்லை. லண்டன் கவுன்டி மன்றம், பெருநகரக் காவல்துறை, மருத்துவமனைகளை நடத்திய பெருநகர அசைலம்ஸ் வாரியம், பெருநகரக் குடிநீர் வாரியம் ஆகிய நான்கு மேலமைப்புகளுக்கும் அவை கேட்கும் தொகையைப் பரோவே தன் வரியோடு சேர்த்து வாங்கிச் செலுத்த வேண்டும். பிரிசெப்ட் என்று சட்டத்தில் பெயர்பெற்ற இந்தக் கோரிக்கைத் தொகை, எல்லாப் பரோக்களுக்கும் சொத்து மதிப்பின் அடிப்படையில் ஒரே விகிதத்தில் அமைந்தது. 1921-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வரவுசெலவுத் திட்டம் வகுக்க அமர்ந்த பாப்லர் மன்றத்தின் முன் இரண்டு வழிகளே தெரிந்தன: ஏழைகளிடமே வரியை மேலும் உயர்த்துவது, அல்லது வேலையற்றோருக்கான உதவியைக் குறைப்பது. மார்ச் மாதம் மன்றம் இரண்டையும் மறுத்து மூன்றாவது வழியைத் தேர்ந்தது. தன் செலவுக்கும் காப்பாளர் வாரியத்தின் செலவுக்கும் வேண்டிய அளவு மட்டும் வரி விதித்து, நான்கு மேலமைப்புகளின் பங்கை அடியோடு விட்டுவிட்டது.

அப்போது லண்டன் கவுன்டி மன்றம் பழமைவாதிகளின் நகராட்சிச் சீர்திருத்தக் கட்சி வசம் இருந்தது. அம்மன்றமும் அசைலம்ஸ் வாரியமும் உயர் நீதிமன்றத்தை நாடின. சட்டப்படி ஆற்றியாக வேண்டிய கடமையை நிறைவேற்றுமாறு ஒரு பொது அமைப்புக்கு நீதிமன்றம் இடும் கட்டளை மேண்டமஸ் எனப்படும். அந்தப் பேராணை பாப்லர் மீது கோரப்பட்டது. 1921 ஜூலை 29 அன்று வழக்கு விசாரணைக்கு வந்தபோது, மன்ற உறுப்பினர்கள் வண்டியேறிச் செல்லவில்லை. பாப்லர் நகர மன்றத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மைல் தூரம் நடந்தே சென்றனர். பரோவின் செங்கோல் தாங்குபவர் முன்னே நடக்க, மேயர் சாம் மார்ச் பதவிச் சங்கிலியை அணிந்து பின்தொடர, ஏறத்தாழ 2,000 பேர் அணிவகுத்தனர். பாப்லர் பரோ மன்றம் உயர் நீதிமன்றத்துக்கும், ஒருவேளை சிறைக்கும் நடந்து செல்கிறது என்று அவர்கள் ஏந்திய பதாகை அறிவித்தது. நீதிமன்றத்தில் அவர்கள் சட்டக் குற்றத்தை மறுக்கவில்லை. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தால் தங்கள் மக்கள் பட்டினி கிடக்க நேரும் என்பதே அவர்களின் வாதமாக இருந்தது.

பேராணைக்குப் பின்னும் வரி விதிக்க மறுத்ததால் நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்தின்பேரில் 1921 செப்டம்பர் முதல் வாரத்தில் கைதுகள் தொடங்கின. மொத்தம் 30 பேர் சிறைப்பட்டனர். ஆண்கள் 25 பேர் பிரிக்ஸ்டன் சிறைக்கும், பெண்கள் ஐவர் ஹாலோவே சிறைக்கும் அனுப்பப்பட்டனர். ஜார்ஜ் லான்ஸ்பரியின் மருமகளும் முன்னாள் ஆசிரியையுமான மின்னி லான்ஸ்பரி, பின்னாளில் நாடாளுமன்றம் சென்ற சூசன் லாரன்ஸ், ஜூலியா ஸ்கர், ஜென்னி மக்கே, கர்ப்பிணியாக இருந்த நெல்லி கிரெசல் ஆகியோரே அந்தப் பெண்கள். சிறைக்குள்ளும் பாப்லரின் நிர்வாகம் நின்றுவிடவில்லை. கைதிகள் தம் மன்றக் கூட்டத்தைச் சிறையிலேயே நடத்த வேண்டும் என வற்புறுத்தி அனுமதி பெற்றனர். ஹாலோவேயிலிருந்து பெண் உறுப்பினர்கள் மோட்டார் வண்டியில் பிரிக்ஸ்டனுக்குக் கொண்டுவரப்பட, அங்கே கூட்டங்கள் முறைப்படி நடந்தன. மாலை வேளைகளில் சிறைச் சுவருக்கு வெளியே கூடிய மக்களிடம் ஜார்ஜ் லான்ஸ்பரி சிறை அறையின் கம்பிகளுக்கு உள்ளிருந்தே உரையாற்றினார்.

அரசு எதிர்பாராத நெருக்கடிக்கு உள்ளாயிற்று. ஓர் உள்ளாட்சி மன்றத்தின் பெரும்பான்மையைச் சிறையில் வைத்துக்கொண்டு அந்த ஊரை ஆள வழியில்லை. அவர்களைப் பதவி நீக்கி மறுதேர்தல் நடத்தினாலும் அதே மக்கள் அதே முடிவைத்தான் தருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் தாங்களும் பாப்லரின் வழியைப் பின்பற்றுவதாகத் தீர்மானம் இயற்றின. தொழிற்கட்சிக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பும் இருந்தது. லண்டன் தொழிற்கட்சியின் செயலாளரும் ஹாக்னி மேயருமான ஹெர்பர்ட் மாரிசன், சட்டத்தை மீறும் கட்சிக்கு நாட்டை ஆளும் தகுதி உண்டென்று மக்கள் நம்ப மாட்டார்கள் என்று கருதினார். அவர் வேறு சில மேயர்களுடன், ஸ்காட்லாந்தின் கேர்லாக்கில் ஓய்விலிருந்த பிரதமர் லாயிட் ஜார்ஜைத் தேடிச்சென்று, வேலையின்மைக்குத் தீர்வு கேட்டார். உள்ளே ஒரு பிடிவாதமும் வெளியே ஒரு பேச்சுவார்த்தையுமாக அழுத்தம் பெருகியதில், அக்டோபர் 12 அன்று கைதிகள் விடுவிக்கப்பட்டனர். அவர்கள் மன்னிப்புக் கோரவில்லை. தங்கள் தீர்மானத்தைத் திரும்பப் பெறவும் இல்லை.

அடுத்து நிறைவேறிய 1921-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டமே பாப்லரின் உண்மையான வெற்றி. வீட்டிலிருந்தபடி வழங்கப்படும் உதவியின் செலவையும் பெருநகரப் பொது நிதியின் பொறுப்பில் சேர்த்து, செல்வப் பரோக்களும் அதைப் பகிர்ந்துகொள்ள வைத்தது அச்சட்டம். வெஸ்ட்மின்ஸ்டரின் வரியிலிருந்து ஒரு பங்கு பாப்லரின் வேலையற்றோருக்குச் சென்றடைந்தது. சுகாதார அமைச்சர் ஆல்ஃபிரட் மாண்ட், எவ்வளவு வரை உதவி வழங்கினால் பொது நிதி ஈடுசெய்யும் என்று உச்சவரம்பு ஒன்றை வகுத்தார். பாப்லர் அதையும் மீறி வழங்கியது. அதைத் தடுக்க 1922-இல் பாப்லருக்கென்றே பிறப்பிக்கப்பட்ட தனி ஆணையை, முதல் தொழிற்கட்சி அரசின் சுகாதார அமைச்சர் ஜான் வீட்லி 1924-இல் ரத்துச் செய்தார். ஆயினும் வெற்றிக்கு விலை இருந்தது. சிறையிலிருந்து வந்த சில வாரங்களில் நோயுற்ற மின்னி லான்ஸ்பரி 1922 ஜனவரி 1 அன்று தம் 32-ஆம் வயதில் காலமானார். போ சாலையில் அவர் நினைவாக நிறுவப்பட்ட கடிகாரம் இன்றும் உள்ளது. சிறையிலிருந்து முன்னதாகவே விடுவிக்கப்பட்ட நெல்லி கிரெசல், 1943-இல் பாப்லரின் மேயரானார்.

1922 நவம்பரில் அடுத்த பரோ தேர்தல் வந்தது. வரி உயர்வையும் ஊதாரிச் செலவையும் காட்டி எதிர்க்கட்சிகள் மேற்கொண்ட பிரசாரம் பெரும்பயன் அளித்தது. லண்டனில் தொழிற்கட்சியின் இடங்கள் பாதிக்கும் கீழாகச் சரிந்தன. சட்டத்தைப் போற்றி நடந்த மாரிசனின் ஹாக்னியில் அக்கட்சிக்கு ஓரிடமும் மிஞ்சவில்லை. சட்டத்தை மீறிச் சிறை சென்ற பாப்லரிலோ தொழிற்கட்சி பெரும்பான்மையைத் தக்கவைத்துக்கொண்டது. அடுத்த சில வாரங்களில் நடந்த பொதுத்தேர்தலில் லான்ஸ்பரி போ-பிரோம்லி தொகுதியிலிருந்தும், சாம் மார்ச் தெற்குப் பாப்லரிலிருந்தும் நாடாளுமன்றம் சென்றனர். இரண்டு பரோக்களின் முடிவுகளையும் அருகருகே வைத்து நோக்கினால், பாப்லர் வாக்காளர்கள் தம் பிரதிநிதிகளின் முறையை மட்டுமன்றி, அதனால் தமக்குக் கிடைத்த பயனையும் கணக்கிட்டே வாக்களித்தனர் என்பது விளங்கும்.

வாக்காளர் அளித்த ஒப்புதலால் சட்டத்தின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. உள்ளாட்சிக் கணக்குகளைச் சரிபார்க்கும் மாவட்டத் தணிக்கையாளர், 1921-22 ஆண்டில் வாரம் 4 பவுன் கூலி கொடுத்தது மிகையானது என்று முடிவுசெய்தார். 1920-க்குப் பின் விலைவாசி வெகுவாக இறங்கிவிட்டது. மற்ற இடங்களில் கூலியும் குறைந்துவிட்டது. பாப்லர் மட்டும் பழைய அளவையே கொடுத்தது என்பது அவர் வாதம். மிகையெனக் கருதிய செலவில் 5,000 பவுனை உறுப்பினர்கள் தம் சொந்தக் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். தனக்குப் பொருத்தமெனத் தோன்றும் கூலியை மன்றம் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது என வாதிட்ட மன்றத்துக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஆனால் ராபர்ட்ஸ் எதிர் ஹாப்வுட் என்ற பெயரில் சட்டநூல்களில் இடம்பெற்றுள்ள அவ்வழக்கில், 1925-இல் பிரபுக்கள் அவை அதை மாற்றியது. பொருத்தமெனத் தோன்றுவது என்பதற்கு நியாயமான அளவு என்ற வரம்பு உண்டு; சமத்துவக் கொள்கையாலும் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி என்ற விருப்பத்தாலும் உந்தப்பட்டு வரி செலுத்துவோரின் பணத்தைச் செலவிட மன்றத்துக்கு உரிமையில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். மக்கள் இரண்டு தேர்தல்களில் ஆதரித்த கொள்கை, நீதிபதிகளின் பார்வையில் விசித்திரமான தர்ம சிந்தனையாகத் தோன்றியது. உள்ளாட்சி மன்றங்களின் விருப்புரிமை எதுவரை செல்லும் என்ற கேள்விக்கு, பொதுச்சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் இத்தீர்ப்பைப் படிக்கின்றனர்.

காப்பாளர் வாரியங்களை 1929-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் ஒழித்து, ஏழையர் உதவிப் பொறுப்பை லண்டனில் கவுன்டி மன்றத்திடம் ஒப்படைத்தது. பாப்லர் 1921-இல் சிறை சென்று கேட்ட ஏற்பாடு, எட்டே ஆண்டுகளில் மாநகர் முழுவதற்குமான நிர்வாக விதியாயிற்று. லான்ஸ்பரி 1932 முதல் 1935 வரை தொழிற்கட்சியின் தலைவராக விளங்கினார். பாப்லரின் வழியை எதிர்த்த மாரிசன் 1934-இல் லண்டன் கவுன்டி மன்றத்தைத் தொழிற்கட்சிக்கு வென்று தந்தார். அதே ஆண்டு நடந்த பரோ தேர்தலில், சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்ற வி. கே. கிருஷ்ண மேனன், வடக்கு லண்டனின் செயின்ட் பேங்க்ரஸ் பரோவில் உறுப்பினராகித் தொடர்ந்து 1947 வரை பணியாற்றினார். அங்கு நூலகப் பணியை வளர்த்தவர் என்று அவர் நினைவுகூரப்படுகிறார். பாப்லருக்கும் இந்திய வரலாற்றில் ஓரிடம் உண்டு. 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தி தங்கியது, அந்தப் பரோவின் எல்லைக்குள் இருந்த கிங்ஸ்லி ஹால் என்னும் தொண்டில்லத்தில். அதை நடத்திய மியூரியல் லெஸ்டர் 1920-களில் பாப்லர் மன்றத்தில் பணியாற்றியவர்.

1963-ஆம் ஆண்டின் லண்டன் ஆட்சிச் சட்டம் 28 பெருநகரப் பரோக்களைக் கலைத்து, விரிவடைந்த மாநகருக்கு 32 புதிய பரோக்களை அமைத்தது. பாப்லர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் மூன்றும் இணைந்து 1965-இல் டவர் ஹாம்லெட்ஸ் ஆயின. அங்கும் தேர்தல் முடிவுகள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. 1993 செப்டம்பரில் ஐல் ஆஃப் டாக்ஸின் மில்வால் வட்டத்தில் நடந்த இடைத்தேர்தலில், இனவெறியை முன்னிறுத்திய பிரிட்டிஷ் தேசியக் கட்சி வெறும் 7 வாக்கு வேறுபாட்டில் தன் முதல் மன்ற இடத்தை வென்றது; அடுத்த மே மாதமே அதை இழந்தது. 2014-ஆம் ஆண்டு மேயர் தேர்தலை, முறைகேடுகளைக் காரணம் காட்டித் தேர்தல் நீதிமன்றம் 2015-இல் செல்லாததாக அறிவித்தது. 1980-களில் மத்திய அரசு உள்ளாட்சி வரிக்கு உச்சவரம்பு விதித்தபோது, அதை எதிர்த்த லாம்பெத், லிவர்பூல் மன்றங்கள் பாப்லரைத் தம் முன்னோடியாகக் கொண்டன. அவற்றின் உறுப்பினர்கள் தண்டத்தொகைக்கும் பதவி இழப்புக்கும் உள்ளாயினர். பாப்லருக்குக் கிடைத்தது போன்ற சட்டத்திருத்தம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த வேறுபாடு பாப்லரின் வெற்றி எதனால் வந்தது என்பதைத் தெளிவாக்குகிறது. 39 இடங்கள் அந்த மன்றத்துக்கு அதிகாரத்தை அளித்தன. ஆனால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தத் தேவையான வருவாயை அளிக்கவில்லை. வரியமைப்பே அநீதியானது என்பதை எவரும் எளிதில் மறுக்க முடியாத கணக்காக வைத்திருந்தது, தங்கள் பின்னால் பரோ முழுவதும் நின்றது, பக்கத்துப் பரோக்களும் அதே வழியில் இறங்கத் தயாரானது ஆகிய மூன்றும் சேர்ந்ததால்தான் சிறைவாசம் சட்டமாக மாறியது. கூலி விஷயத்தில் இந்த மூன்றும் ஒருங்கே அமையாததால் அங்கு பாப்லர் தோற்றது. ஆகவே ஒரு பரோ தேர்தலின் முடிவை மதிப்பிடுவோர், வென்ற இடங்களின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளலாகாது. அந்த மன்றம் யாரிடம் வரி வாங்க முடியும், யாருக்குப் பங்கு செலுத்தக் கடமைப்பட்டுள்ளது, அதன் செலவை யார் தடுக்க முடியும் என்ற மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். பாப்லரில் 1919-இல் வாக்களித்த மக்கள் தேர்ந்தெடுத்தது 42 பேர் கொண்ட ஒரு மன்றத்தை மட்டுமே. லண்டன் மாநகரின் வரிச்சுமையை எப்படிப் பகிர்வது என்பதை மாற்றி எழுதியது அந்த வாக்கின் விளைவு.